வன்னிநாட்டுக் குடிநீர் மருத்துவமும் நிணநீர் நோயும்

காடும் குளமும் செறிந்த வன்னிப் பெருநிலத்திலே குடிநீர் என்னும் சொல் பருகும் நீரை மட்டுமன்றி, மூலிகைக் கசாயத்தையும் குறிக்கும். மலைக்காய்ச்சல் நெடுங்காலம் வாட்டிய அந்நிலத்தில், மல்லியும் வேர்க்கொம்பும் இட்டு அவித்த நீரே ஏழைக் குடியானவனுக்கு எளிதிற் கிட்டிய முதல் மருந்தாயிற்று.

இம்மரபு வெறும் கைப்பழக்கமன்று. யாழ்ப்பாண வேந்தரின் அரியணைப் பெயர்களைத் தாங்கிய செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் மருத்துவ நூல்கள் ஈழத்துச் சித்த மருத்துவத்தின் பழமைக்குச் சான்றாவன. சரக்குகளை இடித்து, நீர்விட்டு, எட்டிலொன்றாக வற்றக் காய்ச்சி வடித்தல் குடிநீர் முறைகளுள் ஒன்று. நீர்க்கோவையால் உண்டாகும் வீக்கத்துக்கு மூக்கிரட்டையும் நெருஞ்சிலும் விதிக்கப்பட்டன. இவை சிறுநீரைப் பெருக்குவன.

ஆயினும் வீக்கம் யாவும் ஒரு தன்மையன அல்ல. 1622இல் இத்தாலியரான அசெல்லி நிணநீர்க் குழாய்களைக் கண்டார். 1877இல் சீனத்தின் அமோய் நகரில், யானைக்கால் நோய்க்கு ஏதுவான நுண்புழுக்கள் நுளம்பின் உடலில் வளர்வதை மான்சன் கண்டறிந்தார். முதிர்ந்த புழுக்கள் நிணநீர்க் குழாய்களிற் குடியிருந்து அவற்றைச் சிதைப்பதனால், புரதம் மிக்க நீர் காலிலே தேங்குகின்றது. சிறுநீரைப் பெருக்கும் குடிநீர் இத்தேக்கத்தை அகற்றாது. நோயின் தொடக்கத்தில் இவ்வேறுபாட்டை உணராது கசாயத்தையே நம்பிக் காலங்கடத்தியவர், மாறாத வீக்கத்துக்கு இரையாகலாம். இரவில் எடுக்கும் ஒரு துளி இரத்தமே உண்மையைக் காட்டவல்லது; ஏனெனில் இலங்கையில் அப்புழுவின் குஞ்சுகள் இரவிலேயே குருதியில் மிகுதியாக உலவுகின்றன.

இலங்கையில் இந்நோய் மேல், தென், வடமேல் மாகாணங்களின் எட்டு மாவட்டங்களிலே வேரூன்றியிருந்தது. வன்னி மாவட்டங்கள் அவற்றுட் சேரா. 1947இல் யானைக்கால் நோய்த் தடுப்பு இயக்கம் தோன்றிற்று. 2002 முதல் 2006 வரை அவ்வெட்டு மாவட்டங்களிலும் ஆண்டுதோறும் மக்கள் யாவர்க்கும் மாத்திரை வழங்கப்பட்டது. 2016இல், இந்நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்னும் நிலையினின்று நீங்கியதென உலக சுகாதார தாபனம் சான்றளித்தது.

எனினும் முன்பே வீங்கிய கால்கள் சான்றிதழால் வற்றுவதில்லை. நாள்தோறும் சவர்க்காரமிட்டுக் கழுவி ஈரம் ஒற்றுதல், புண்ணைக் காத்தல், காலை உயர்த்தி வைத்தல், அளவான பயிற்சி ஆகியனவே அவற்றுக்கு உற்ற துணை.

தடிமனுக்கு மல்லிநீர் இதந்தரும். அதனை இகழ்தல் அறியாமை. நிணநீர் நோய்க்கும் அதுவே போதுமென்றிருத்தல் அதனினும் பேரறியாமை. நோய்நாடி அதன் முதலையும் நாடுதலே தமிழ் மருத்துவம் வகுத்த நெறி. அந்நெறிக்குப் புத்தறிவு பகையன்று.