விளையாட்டு மாவும் எங்க அம்மாவோட கோபமும்

கடலை பறிப்பு முடிஞ்சு ரெண்டு நாள் வீட்ல இருந்தேன். லீவுக்கு வந்த பேத்தி, கலர் கலரா டப்பாவுல விக்கிற விளையாட்டு மாவு வேணும்னு ஒரே அழுகை. "அதை வீட்லயே செய்யலாம்ப்பா" என்று மக சொன்னா. சரின்னு ரெண்டு டம்ளர் மைதாவை அளந்து சட்டியில கொட்டினேன். திண்ணையில இருந்த எங்க அம்மாவுக்கு வந்துச்சே கோபம்!

"ஏண்டா, திங்கிற மாவையா விளையாடக் குடுக்கிற? ரேஷன் கோதுமைக்கு நாங்க வரிசையில நின்னது தெரியுமாடா உனக்கு?"

சட்டியை அப்படியே வச்சிட்டேன். திங்கிற மாவு எப்படி விளையாட்டுச் சாமான் ஆச்சுன்னு அன்னைக்கு ராத்திரி தேடிப் படிச்சேன். படிச்சதைத்தான் இங்கே எழுதுறேன்.

எங்க காலத்துல கண்மாய்க் களிமண்தான். கோடையில தண்ணி வத்தினதும் மண்ணை வெட்டி வந்து மாடு, வண்டி, அடுப்பு, சட்டி எல்லாம் செய்வோம். ஒரே குறை, காஞ்சா வெடிச்சிடும். மாட்டுக்குக் காலும் கொம்பும் ஒரு நாள்கூடத் தாங்காது.

இதே தொல்லை இங்கிலாந்துலயும் இருந்திருக்கு. பாத் என்ற ஊர்ல வில்லியம் ஹார்பட் என்று ஒரு ஓவிய ஆசிரியர். மாணவர்கள் உருவம் செய்து பழக, காயாத மண் ஒன்று வேணும்னு முயற்சி பண்ணி 1897ல் பிளாஸ்டிசினைக் கண்டுபிடிச்சார். பள்ளிக்கூடப் பிள்ளைக டப்பாவுல வச்சிருக்கிற, பிசுபிசுன்னு எண்ணெய் ஒட்டுற 'கிளே' இந்த வகைதான்.

மாவு வந்த கதை வேற. அது அமெரிக்காவுல சின்சினாட்டி நகரத்துல நடந்தது. அந்தக் காலத்துல அங்கே வீட்டைச் சூடாக்க நிலக்கரி எரிப்பாங்க. சுவர்ல ஒட்டியிருக்கிற காகிதமெல்லாம் கரி படிஞ்சிடும். தண்ணி விட்டுக் கழுவினா காகிதம் வீணாப் போயிடும். அதனால 1930களில் குட்டோல் என்ற கம்பெனி, மாவும் உப்பும் தண்ணியும் கலந்த ஒரு உருண்டையை வித்தது. சுவர்ல உருட்டினா கரி அதுல ஒட்டிக்கிட்டு வந்துடும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நிலக்கரி போய் எரிவாயு வந்தது. கழுவக்கூடிய சுவர்க் காகிதமும் வந்தது. கம்பெனி படுத்துக்கிச்சு. கம்பெனிக்காரர் ஜோ மெக்விக்கருக்கு கே சூஃபால் என்று ஒரு உறவுக்காரப் பெண், நர்சரி பள்ளி டீச்சர். அவங்க இந்த மாவைப் பிள்ளைகளுக்குக் குடுத்துப் பார்த்தாங்க. பிள்ளைக விடவே இல்லை. 'பிளே-டோ' என்ற பேரும் அவங்க சொன்னதுதான். அழுக்கெடுக்கிற சரக்கை எடுத்துட்டு, வாசனை சேர்த்து 1956ல் விளையாட்டுச் சாமானா விக்க ஆரம்பிச்சாங்க. முதல்ல வெள்ளை மட்டும், பிறகு சிவப்பு, நீலம், மஞ்சள்.

இந்த 1956 என்ற வருஷத்தைப் பார்த்ததும்தான் எனக்கு அம்மா ஞாபகம் வந்தது. அதே 1956 ஆகஸ்ட்லதான் நம்ம நாடு அமெரிக்காவோட பி.எல்.480 ஒப்பந்தம் போட்டு அவங்க கோதுமையை வாங்க ஆரம்பிச்சது. அங்கே விளைஞ்சது மிஞ்சிக் கிடங்குல கிடந்தது, இங்கே பத்தலை. அங்கே பிள்ளைகளுக்கு மாவு விளையாட்டுச் சாமான் ஆன நேரத்துல, இங்கே அதே கோதுமைக்குக் கப்பல் வருமான்னு பார்த்துக்கிட்டிருந்தோம். 65, 66ல் மழை பொய்ச்சப்போ அம்மா குமரிப் பொண்ணு. கோதுமையைச் சமைக்கத் தெரியாம சோளம் மாதிரி இடிச்சுக் கஞ்சி காய்ச்சினாங்களாம். கோபம் எங்கேயிருந்து வந்ததுன்னு அப்பத்தான் புரிஞ்சது.

அதுக்காகப் பேத்தியை அழ விடவும் மனசில்லை. காலையில அம்மாகிட்டயே கேட்டேன். கொஞ்ச நேரம் பேசலை. பிறகு எழுந்து போய், வண்டு விழுந்த பழைய மைதாப் பொட்டலத்தை எடுத்து, தானே சலிச்சுக் குடுத்தாங்க. "நல்ல மாவு பூரிக்கு இருக்கட்டும்."

செய்முறை இதுதான். மைதா 2 டம்ளர், தூள் உப்பு 1 டம்ளர், தண்ணி 2 டம்ளர், எண்ணெய் 2 கரண்டி, ஒரு எலுமிச்சம்பழச் சாறு. கட்டியில்லாம கரைச்சு, சின்னத் தீயில களி கிண்டுற மாதிரி கிண்டணும். சட்டியில ஒட்டாம திரண்டு வந்ததும் இறக்கி, சூடு ஆறினதும் பிசையணும். உப்பு கெடாம வைக்கும், எண்ணெய் கையில ஒட்டாம பார்த்துக்கும், எலுமிச்சை மாவை மிருதுவாக்கும். நிறத்துக்கு மஞ்சளும் பீட்ரூட் சாறும் போட்டோம். மூடி வச்சா சில வாரம் தாங்கும். உப்பு ரொம்ப அதிகம், பிள்ளைக தின்னாம பார்த்துக்கணும். நாய்க்கு எட்டுற இடத்துல வைக்கவே கூடாது, அதுக்கு ஆபத்து.

பேத்தி மஞ்சள்ல ஒரு மாடு செஞ்சா. அம்மா கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "திமில் எங்கடி?" என்று கேட்டு, தானே ஒரு உருண்டை கிள்ளி முதுகுல வச்சாங்க.

உங்க வீட்ல பெரியவங்க கோதுமைக் கஞ்சி காலத்தைப் பத்திச் சொன்னா, கேட்டு எழுதி வையுங்க.