துவார்ட்டே ரோட்டரி சங்கம்

துவார்ட்டே ரோட்டரி சங்கம் என்பது அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், லாஸ் ஏஞ்சலஸ் அருகே உள்ள துவார்ட்டே என்னும் சிறு நகரைச் சேர்ந்த சமூக சேவைச் சங்கம் ஆகும். ஆண்கள் மட்டுமே உறுப்பினராக இருந்த ரோட்டரி அமைப்பில் பெண்களைச் சேர்த்ததற்காக இச்சங்கம் நீக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து நடந்த வழக்கு, ரோட்டரியின் விதி மாற வழிவகுத்தது.

பின்னணி

ரோட்டரி அமைப்பை 1905 இல் சிக்காகோ நகரில் பால் ஹாரிஸ் என்னும் வழக்கறிஞர் தொடங்கினார். தொடக்கத்தில் உறுப்பினர்களின் அலுவலகங்களில் முறைவைத்துக் கூட்டங்கள் நடைபெற்றதால் இப்பெயர் ஏற்பட்டது. ஒவ்வோர் ஊர்ச் சங்கமும் தன் உறுப்பினர்களைத் தானே தெரிவு செய்யும். எனினும் அது பன்னாட்டு ரோட்டரியின் விதிகளுக்குக் கட்டுப்பட்டதாகும்.

அப்போதைய விதிகளின்படி பெண்கள் கூட்டங்களுக்கு வரவும், உரையாற்றவும், விருது பெறவும் முடிந்தது. ஆனால் உறுப்பினராக முடியவில்லை.

நீக்கம்

1977 இல் துவார்ட்டே சங்கம் மூன்று பெண்களை உறுப்பினராகச் சேர்த்தது. 1978 இல் பன்னாட்டு ரோட்டரி இச்சங்கத்தின் அங்கீகாரத்தை இரத்து செய்தது. பன்னாட்டு மாநாட்டில் செய்யப்பட்ட மேல்முறையீடும் ஏற்கப்படவில்லை. ஆயினும் உறுப்பினர்கள் கலைந்து செல்லவில்லை. "முன்னாள் ரோட்டரி சங்கம்" என்ற பெயரில் தொடர்ந்து கூடினர். ரோட்டரிச் சின்னத்தின் மேல் பெருக்கல் குறியிட்டு அணிந்தனர்.

வழக்கு

சங்கமும் பெண் உறுப்பினர் இருவரும் கலிபோர்னியா நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். வணிக நிறுவனங்கள் பால் முதலிய அடிப்படைகளில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் அன்ரூ குடிசார் உரிமைகள் சட்டமே வழக்கின் அடிப்படை ஆகும். 1983 இல் கீழ் நீதிமன்றம் பன்னாட்டு ரோட்டரிக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 1986 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை மாற்றி, துவார்ட்டே சங்கத்தை மீண்டும் சேர்க்க ஆணையிட்டது.

இவ்வாணை, விரும்பியவர்களோடு மட்டும் கூடும் உரிமையைப் பறிப்பதாகப் பன்னாட்டு ரோட்டரி அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் வாதிட்டது. 1987 மே 4 அன்று, தீர்ப்பில் பங்கேற்ற ஏழு நீதிபதிகளும் ஒருமனதாக அவ்வாதத்தை நிராகரித்தனர். நீதிபதி லூயிஸ் பாவெல் எழுதிய தீர்ப்பின் முக்கிய கருத்துகள்:

* ரோட்டரிச் சங்கங்கள் சில 20 பேருக்கும் குறைவானவை, சில 900 பேருக்கும் மேற்பட்டவை. வெளியாரும் கூட்டங்களுக்கு வருகின்றனர். எனவே இவ்வுறவு குடும்பம் போன்ற அந்தரங்க உறவு அன்று.
* பெண்களைச் சேர்ப்பதால் சங்கத்தின் சேவைப் பணிகள் பாதிக்கப்படா.
* உரிமையில் சிறிது குறுக்கீடு இருப்பினும், பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை நீக்கும் அரசின் நோக்கம் அதனை நியாயப்படுத்துகிறது.

பின்விளைவுகள்

1987 இல் சில்வியா விட்லாக் இச்சங்கத்தின் தலைவரானார். ரோட்டரி சங்கம் ஒன்றின் முதல் பெண் தலைவர் இவரே. தீர்ப்பு அமெரிக்காவுக்கு மட்டுமே உரியது என்றாலும், 1989 இல் ரோட்டரியின் சட்டமியற்றும் மன்றம் ஆண்களுக்கு மட்டும் என்னும் விதியை உலகெங்கும் நீக்கியது. 2022 இல் கனடாவைச் சேர்ந்த ஜெனிஃபர் ஜோன்ஸ் பன்னாட்டு ரோட்டரியின் முதல் பெண் தலைவராகப் பொறுப்பேற்றார்.