கட்டுமானத் திட்டங்களின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு

கட்டுமானத் திட்டங்களின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு என்பது வணிக வளாகம், அலுவலகம், அடுக்குமாடிக் குடியிருப்பு முதலியவற்றைக் கட்டத் தொடங்கும் முன், அவற்றால் நிலம், நீர், காற்று, மக்கள் வாழ்க்கை ஆகியவற்றுக்கு ஏற்படக்கூடிய விளைவுகளை ஆராயும் நடைமுறை ஆகும். இந்தியாவில் இவ்வாய்வின் முடிவில் வழங்கப்படும் அனுமதி முன் சுற்றுச்சூழல் இசைவு எனப்படுகிறது. இசைவு பெறும் முன் மனையைப் பாதுகாக்கும் பணி தவிர வேறு எப்பணியும் தொடங்கக் கூடாது.

வரலாறு

இத்தகைய மதிப்பீட்டைச் சட்டப்படி கட்டாயமாக்கிய முதல் நாடு ஐக்கிய அமெரிக்கா (1969ஆம் ஆண்டுச் சட்டம்). இந்தியாவில் 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 27 சனவரி 1994 அன்று முதல் அறிவிக்கை வெளியானது. பெரிய கட்டிடங்கள் 2004ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் இதில் சேர்க்கப்பட்டன. 14 செப்டம்பர் 2006 அன்று வெளியான புதிய அறிவிக்கை முந்தையதற்கு மாற்றாக அமைந்தது.

2016 திசம்பரில் நடுவண் அரசு இவ்வாய்வின் பெரும்பகுதியை உள்ளாட்சி அமைப்புகளின் கட்டிட அனுமதியுடன் இணைக்க முயன்றது. அம்மாற்றத்தின் முக்கியப் பகுதிகளைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017 திசம்பரில் நீக்கியது.

வரம்பு

2006ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி, 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டுமானப் பரப்பு உடைய கட்டிடங்களுக்கு இசைவு தேவை. 1,50,000 சதுர மீட்டர் முதல் விரிவான மதிப்பீட்டு அறிக்கையும் தேவை. 2011ஆம் ஆண்டுத் திருத்தம் அடித்தளத்தையும் பரப்புக் கணக்கில் சேர்த்தது. எடுத்துக்காட்டாக, தளம் ஒன்றுக்கு 3,500 சதுர மீட்டர் வீதம் ஐந்து தளங்கள் உள்ள கட்டிடத்தின் பரப்பு 17,500 சதுர மீட்டர். அதற்கு வாகன நிறுத்தத்திற்கான ஓர் அடித்தளம் இருந்தால் பரப்பு 21,000 ஆகி, இசைவு கட்டாயமாகிறது.

நடைமுறை

கட்டுநர் படிவம் 1, படிவம் 1அ ஆகியவற்றையும் கருத்துரு வரைபடத்தையும் அளிக்கிறார். மாநில வல்லுநர் மதிப்பீட்டுக் குழு அவற்றை ஆராய்ந்து பரிந்துரைக்கிறது. மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் முடிவெடுக்கிறது. நிலத்தின் பயன்பாடு மாறுவதால் மழைநீர் வடியும் தன்மை எவ்வாறு மாறும், வெள்ளமோ நீர்த்தேக்கமோ அதிகரிக்குமா என்பது படிவம் 1அ-வின் முக்கியக் கேள்விகளுள் ஒன்று.

சென்னையின் மேற்குப் புறநகரில்

அம்பத்தூரை ஒட்டிய கள்ளிக்குப்பம் போன்ற பகுதிகளில் இக்கேள்வி தனி முக்கியத்துவம் பெறுகிறது. அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, மாதவரம் இரட்டை ஏரி ஆகியவை ஒன்றன் உபரிநீர் மற்றொன்றுக்குச் செல்லும் தொடர் ஏரிகள். வடக்கே நகருக்குக் குடிநீர் தரும் புழல் ஏரி உள்ளது. இதன் காரணமாகவே 2008ஆம் ஆண்டின் சென்னைப் பெருநகர இரண்டாம் முழுமைத் திட்டம் செங்குன்றம் நீர்ப்பிடிப்புப் பகுதியில் கட்டுமானங்களைக் கட்டுப்படுத்தியது. அம்பத்தூர் நகராட்சி 2011இல் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது.

ஒரு எக்டேர் நிலத்தில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் அங்கு விழும் நீர் 10 லட்சம் லிட்டர். வெற்று நிலம் அதில் ஒரு பகுதியை உறிஞ்சிக் கொள்ளும். காங்கிரீட் தளம் ஏறத்தாழ முழுவதையும் அண்டை நிலத்திற்கு அனுப்பிவிடும். ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் மனை வடகிழக்குப் பருவமழையில் நீர் செல்லும் பாதையாக இருக்கலாம். 2015 திசம்பர் வெள்ளத்தில் அம்பத்தூர், கொரட்டூர் பகுதிகளிலும் நீர் சூழ்ந்தது.

விமர்சனங்கள்

* தொழிற்சாலை, சுரங்கம் முதலியவற்றுக்கு நடத்தப்படும் மக்கள் கருத்துக் கேட்பு கட்டிடத் திட்டங்களுக்கு இல்லை. நீர் எவ்வழியாக வரும் என்பதை அறிந்த உள்ளூர் மக்களின் சாட்சியம் இதனால் ஆய்வில் இடம்பெறுவதில்லை.
* ஆய்வு ஆவணங்களைத் தயாரிக்கும் ஆலோசகருக்குக் கட்டுநரே ஊதியம் தருகிறார்.
* வரம்பைத் தவிர்க்க ஒரே திட்டத்தைச் சிறு பகுதிகளாகப் பிரிக்க இயலும்.
* வரம்பிற்குக் குறைவான பல கட்டிடங்கள் சேர்ந்து ஏற்படுத்தும் மொத்த விளைவு கணக்கில் வருவதில்லை.

மக்களுக்கு உள்ள வழிகள்

இசைவு பெற்ற செய்தியைக் கட்டுநர் உள்ளூர் நாளிதழ்களில், அவற்றுள் ஒன்றேனும் வட்டார மொழியில் அமையுமாறு, வெளியிட வேண்டும். நிபந்தனைகள் நிறைவேற்றப்பட்டது குறித்து ஆண்டுதோறும் சூன் 1, திசம்பர் 1 ஆகிய நாட்களில் அறிக்கை அளிக்க வேண்டும். பாதிக்கப்பட்டோர், 2010ஆம் ஆண்டுச் சட்டத்தினால் உருவான தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். தக்க காரணம் இருப்பின் மேலும் 60 நாட்கள் அனுமதிக்கப்படும். அதன் தென்மண்டல அமர்வு சென்னையில் உள்ளது. கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பது குறித்த வழக்கும் அவ்வமர்வில் விசாரிக்கப்பட்டது.