மைசூரின் பஞ்சக் கடன்

2023-ஆம் ஆண்டில் பருவமழை பொய்த்ததால் கர்நாடகத்தின் 223 தாலுக்காக்கள் வறட்சிப் பகுதிகள் என அறிவிக்கப்பட்டன. மாநில அரசு 18,000 கோடி ரூபாய்க்கு மேல் நிவாரணம் கோரிற்று. மாதங்கள் கடந்தும் பணம் வாராமையால், 2024 மார்ச்சில் மத்திய அரசுக்கு எதிராக உச்ச நீதிமன்றத்தை நாடியது. ஏப்ரல் இறுதியில் கிடைத்தது 3,400 கோடிக்குச் சற்று அதிகம். பஞ்சத்தின் செலவை யார் ஏற்பது என்னும் இவ்வழக்கு பெங்களூருக்குப் புதியதன்று.

நம் முன்னோர் தாது வருஷப் பஞ்சம் என்று அஞ்சிப் பேசிய கொடுமை, 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையும் மைசூரையும் ஒருங்கே வாட்டியது. 1871-இல் மைசூரின் மக்கள்தொகை 50 இலட்சம். 1881-இல் 42 இலட்சத்துக்கும் குறைவு.

அக்காலத்தில் மைசூரை ஆண்டவர் மகாராஜா அல்லர். 1831 முதல் ஆட்சி ஆங்கிலேயர் கையில் இருந்தது. அவர்களுடைய கமிஷனர் பெங்களூரிலிருந்து ஆண்டார். 1877-இல் வைஸ்ராய் லிட்டன் பிரபு, செலவைச் சுருக்கும் பொருட்டு ரிச்சர்டு டெம்பிள் என்பவரைத் தெற்கே அனுப்பினார். நிவாரண வேலை செய்பவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும் போதும் என்றார் டெம்பிள். மண் சுமப்பவன் அதைக்கொண்டு உயிர் தரியான் என்று சென்னையின் சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ் வாதாடினார். சில மாதங்களில் சென்னையில் கூலியும் உயர்ந்தது. சிக்கனம் பேசியவர்கள் பிணங்களையும் கணக்கில் எழுதியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

பஞ்சத்தால் மைசூருக்கு நேர்ந்த செலவு சுமார் 160 இலட்சம் ரூபாய். கஜானாவின் சேமிப்பு கரைந்தது. இந்திய சர்க்காரிடம் 80 இலட்சம் கடனும் ஏறிற்று. கடன் கொடுத்தவர்களும் ஆங்கிலேயர். மைசூரின் பெயரால் வாங்கியவர்களும் ஆங்கிலேயர். 1881 மார்ச் 25-இல் ஆட்சியைத் திரும்பப் பெற்ற பதினெட்டு வயது சாமராஜேந்திர உடையார், அக்கடனையும் சேர்த்தே பெற்றார்.

அச்சுமையைத் தாங்க நேர்ந்தவர் நம்மவர். செங்கற்பட்டுச் சீமையில் பிறந்த ரங்காசார்லு முதல் திவானானார். அலுவலகங்களை மூடியும் பதவிகளைக் குறைத்தும் செலவைக் கட்டுப்படுத்தினார். எட்டு மாவட்டங்கள் ஆறாயின. ஹாசனும் சித்திரதுர்க்கமும் வெறும் உட்கோட்டங்களாயின. அவற்றுக்கு மாவட்ட நிலை மீண்டது 1886-இல்தான். அதைக் காண அவர் இல்லை, 1883 ஜனவரியிலேயே காலமாகிவிட்டார். இத்தகைய நெருக்கடியிலும் அவர் 1881 அக்டோபரில் பிரஜாப் பிரதிநிதி சபையைக் கூட்டி, இராஜ்யத்தின் நிலையை மக்கள்முன் வைத்தார். இந்தியச் சமஸ்தானங்களில் அது முன்மாதிரி.

இதனிடையே மற்றொரு பாரமும் காத்திருந்தது. 1799 உடன்படிக்கைப்படி மைசூர் செலுத்திவந்த ஆண்டுக் கப்பம் இருபத்து நாலரை இலட்சம். ஆட்சியைத் திருப்பித் தருகையில் அதனை 35 இலட்சமாக உயர்த்தினர். பஞ்சக் கடனை எண்ணி இவ்வுயர்வை முதலில் ஐந்தாண்டும், பின்னர் மேலும் பத்தாண்டும் தள்ளிவைத்தனரேயன்றி விட்டுவிடவில்லை. 1896 முதல் மைசூர் அதையும் செலுத்தியது. 1927-இல் இர்வின் பிரபு அறிவித்த பின்னரே அந்தப் பத்தரை இலட்சம் நீங்கிற்று.