குப்பைத்தொட்டிக்கு மூளை வந்த கதை

நிரம்பினதும் தானே தகவல் அனுப்புற தொட்டி, வெயிலில் சார்ஜ் ஆகுற தொட்டி, கை படாமலே திறக்கிற தொட்டி என்று ‘ஸ்மார்ட்’ தொட்டி வீடியோக்கள் இப்ப நிறைய வருது. பார்த்ததும் “எங்கட ஊருக்கு எப்ப வரும்?” என்றுதான் கேட்கத் தோணும். நியாயமான ஆசை. ஆனா தெருவுக்குப் புதுசா ஒரு தொட்டி வந்தால் தெரு மட்டுமா மாறுது? இதுக்கு 140 வருசக் கதை இருக்கு.

பிரெஞ்சு மொழியில் குப்பைத்தொட்டிக்குப் பெயர் ‘பூபெல்’. அது உண்மையில் ஒரு அதிகாரியின் பெயர். பாரிஸ் நகரை நிர்வகித்த யூஜின் பூபெல் 1883 நவம்பரில் ஒரு கட்டளை போட்டார். ஒவ்வொரு கட்டட உரிமையாளரும் குடியிருப்பாளர்களுக்கு மூடியுள்ள பெட்டி வைக்க வேண்டும். அழுகுற கழிவுக்கு ஒன்று, கடதாசிக்கும் கந்தலுக்கும் ஒன்று, கண்ணாடிக்கும் சிப்பி ஓட்டுக்கும் இன்னொன்று. தரம் பிரிக்கிற யோசனை அப்பவே வந்திட்டுது.

ஆனா எதிர்ப்பும் சும்மா இல்லை. செலவு தங்கள் தலையில் விழுகுது என்று உரிமையாளர்கள் முணுமுணுத்தார்கள். அதைவிடப் பெரிய அடி கந்தல் பொறுக்கி வாழ்ந்த ஆயிரக்கணக்கானவர்களுக்கு. தெருவில் கொட்டின குப்பையிலிருந்து அவர்கள் எடுத்த கந்தல் கடதாசியானது. எலும்பு பொத்தானும் பசையுமானது. அந்த நகரத்தின் மீள்சுழற்சியே அவர்கள்தான். பெட்டிக்கு மூடி போட்டதும் அவர்களுடைய சோற்றுக்கும் மூடி விழுந்தது. போராடினார்கள். கடைசியில், வண்டி வர முதல் பெட்டியைக் கிளறிப் பொறுக்க இடம் கொடுக்க வேண்டி வந்தது. மூன்று பெட்டித் திட்டமோ நடைமுறையில் நிலைக்கவில்லை.

இனி ‘மூளை’ வந்த காலத்துக்கு வருவோம். 2009இல் அமெரிக்காவின் பிலடெல்பியா, ‘பிக்பெலி’ தொட்டிகளை நகர மையத்தில் வைத்தது. சூரிய சக்தியால் குப்பையை அமுக்கும். நிரம்பினால் சிக்னல் அனுப்பும். அமுக்குவதால் சாதாரண தொட்டியைவிடப் பல மடங்கு கொள்ளும். வாரம் 17 தடவை அள்ளின இடத்தில் 5 தடவை போதும் என்று நகர நிர்வாகம் கணக்குக் காட்டியது. எரிபொருள் மிச்சம், நேரம் மிச்சம். இது உண்மையான நன்மை. அதே நேரம், அந்த 12 தடவையும் தெருவில் நின்று அள்ளினதும் ஆட்கள்தானே? மிச்சம் பிடிக்கிற கணக்கில் அவர்களுடைய வேலையும் இருக்கு.

லண்டனில் கதை வேறு பக்கம் திரும்பியது. 2012 ஒலிம்பிக்கை ஒட்டி, நிதி மையமான ‘சிட்டி’ பகுதியில் திரை பூட்டின தொட்டிகளை ஒரு கொம்பனி வைத்தது. அடுத்த வருசம், அவற்றில் சில, அருகால் போறவர்களின் போன்களை வைஃபை மூலம் அடையாளம் கண்டு பதிவது வெளியே வந்தது. நோக்கம் விளம்பரம். 2013 ஆகஸ்ட்டில் நகர நிர்வாகம் அதை நிறுத்தச் சொன்னது. குப்பை போட வந்தவரின் நடமாட்டமே விற்பனைச் சரக்காகப் பார்த்தது!

இந்த எந்தத் தொட்டியும் பதில் சொல்லாத கேள்வி ஒன்று மிச்சம்: அள்ளின குப்பை எங்கே போகுது? கொழும்புக்கு அதன் பதில் தெரியும். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில், மீதொட்டமுல்லையில் குப்பைமலை சரிந்து வீடுகளை மூடியது. 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நகரத்தின் தெருக்களிலிருந்து ஒழுங்காக அள்ளப்பட்ட குப்பைதான் அது. அங்கே வாழ்ந்த மக்கள் அந்த மலையை அகற்றச் சொல்லிப் பல வருசம் போராடினவர்கள். பிறகு கொழும்புக் குப்பையைப் புத்தளம் அருவக்காலுவுக்கு அனுப்பும் திட்டம் வந்தபோது, அந்த மக்களும் தெருவில் இறங்கினார்கள்.

அதனால ஸ்மார்ட் தொட்டி வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. வரட்டும். வரும்போது மூன்று கேள்வி கேட்போம்: இதை அள்ளுறவருக்கு என்ன நடக்கும்? இது எங்களைப் பற்றி என்ன சேகரிக்குது? இதில் விழுகிறது கடைசியில் யாருடைய வீட்டு வாசலுக்குப் போகுது?