குதிரையின் தண்டுவடத்தில் ஒரு கிருமி

வியாதிக்குக் காரணம் விளங்காதவிடத்து அதற்கொரு பெயரைச் சூட்டிவிட்டு, காரணத்தையே கண்டுவிட்டதாக அமைதி கொள்வது மனிதர் வழக்கம். 'விதி' என்பதும் அத்தகைய பெயர்களுள் ஒன்றே. பெயரோடு நில்லாமல் காரணத்தைத் தேடிச் சென்றோரின் வரலாறு ஒன்றை ஈண்டு கூறுவோம்.

அமெரிக்காவிலுள்ள கென்டக்கி மாகாணம் பந்தயக் குதிரைகளுக்குப் பேர்போனது. ஆங்கு 1964-ம் ஆண்டில் ரூனி என்னும் அறிஞர் குதிரைகளிடம் ஒரு புதிய நோயை இனங்கண்டார். நோயுற்ற குதிரை தள்ளாடும். காலை இழுத்து நடக்கும். ஒரு பக்கத்துத் தசை மட்டும் மெலியும். இறந்த குதிரைகளின் தண்டுவடத்தில் ஆங்காங்கே அழற்சி காணப்பட்டமையால், அதையொட்டியே நோய்க்குப் பெயர் வைத்தனர். அப்பெயர் நோயின் இடத்தைச் சொல்லிற்று, காரணத்தைச் சொல்லவில்லை.

1974-ம் ஆண்டில் அவ்விடங்களில் ஓரணு உயிர்கள் காணப்பட்டன. முன்னரே அறியப்பட்ட டாக்சோபிளாஸ்மா என்னும் கிருமியாக இருக்கலாம் என்று முதலில் கருதினர். அது பிழை. இந்தியாவிற் பிறந்து அமெரிக்காவில் ஆராய்ந்த ஜிதேந்தர் துபேயும் அவர்தம் கூட்டாளிகளும், அது வேறோர் இனமென நாட்டி, 1991-ல் 'சார்க்கோசிஸ்டிஸ் நியூரோனா' என்று பெயரிட்டனர்.

அக்கிருமி குதிரையை அடைவது எங்ஙனம்? ஒப்போசம் என்பது வயிற்றிற் பையுடைய, பூனையளவான இரவு விலங்கு. கிருமியின் வித்துக்கள் அதன் எச்சத்தோடு வெளிப்பட்டுத் தீனியிலும் நீரிலும் கலக்கின்றன. 1997-ல் அவ்வித்துக்களைக் குதிரைகளுக்கு ஊட்டிச் சோதித்தபோது நரம்புநோய்க் குறிகள் தோன்றின. எனினும் குதிரையிலிருந்து குதிரைக்கு இந்நோய் தொற்றுவதில்லை.

இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். கிருமி உட்சென்ற குதிரைகளுள் பெரும்பாலானவை நோயுறாமலே வாழ்கின்றன. ஆகவே, இரத்தத்தில் அதன் அடையாளம் உளதென்ற ஒன்றையே கொண்டு ஒரு குதிரையை நோயாளி என்று தீர்ப்பது அநீதி. நடையைச் சோதித்து, தண்டுவட நீரையும் ஆராய்ந்து, பிற காரணங்களை விலக்கிய பின்னரே முடிவு செய்தல் முறை.

2001-ல் பொனசூரில் என்னும் மருந்து அமெரிக்க அரசின் அனுமதி பெற்றது. அது கிருமியை அடக்கும். கெட்டுப்போன நரம்பை முற்றும் மீட்டுத் தருவதில்லை. ஆதலின் காலந்தாழ்த்தாத மருத்துவமே பயன் தரும். அதனினும் மேலானது காப்பு: தீனிப்பெட்டிக்கு மூடியிடுதல், சிந்திய தானியத்தைக் கூட்டுதல், நீர்த்தொட்டியைத் தூய்மை செய்தல்.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலான ஆராய்ச்சி நம்மைக் கொண்டுசேர்த்த இடம் ஒரு மூடியும் ஒரு துடைப்பமுமே. காரணம் அறிந்த பின்னும் அவற்றைக் கையிலெடாது விதியை நோவது அறிவுடைமை ஆகுமோ?