நிலக்காட்சி ஓவியத்தில் புயல்

மலை, ஆறு, வயல், மரம் எல்லாம் ஓவியருக்காக நின்று கொடுக்கும். புயல் நிற்காது. கருமேகம் திரள்வதும் மின்னல் வெட்டுவதும் காற்று மரத்தை வளைப்பதும் சில நிமிடங்களில், சில நொடிகளில் முடிந்துவிடும். அந்த நேரத்தில் வெளியே தாங்கியை நிறுத்தி வண்ணம் குழைக்கவும் முடியாது. ஆகவே புயலைக் காட்டும் நிலக்காட்சி ஓவியங்கள் பெரும்பாலும் நினைவிலிருந்து வரையப்பட்டவை. 'நான் நேரில் பார்த்தேன்' என்று ஓவியர்கள் அடித்துச் சொல்வதும், அப்படிச் சொன்னதாகக் கதைகள் கிளம்புவதும் இவ்வகை ஓவியத்தில் அதிகமாக இருப்பதற்கு இதுவே காரணம். ஐரோப்பாவில் பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தும் சீனத்தில் அதற்கு முன்பிருந்தும் இவ்வகை ஓவியங்கள் கிடைக்கின்றன.

ஒளியின் கணக்கும் புயலில் மாறுகிறது. தெளிந்த பகலில் ஒரு காட்சியின் மிக வெளிச்சமான பகுதி வானம். நிலம் அதைவிட ஒரு படி மங்கல். மழைக்கு முன் ஒருபுறம் கார்முகில் கவிந்திருக்க, மறுபுறத்திலிருந்து வெயில் அடித்தால் இந்த வரிசை தலைகீழாகிறது. சுண்ணாம்புச் சுவரும் விளைந்த வயலும் பறக்கும் வெண்பறவையும் வானத்தைவிடப் பளிச்சென்று தெரியும். புயல் படங்களின் மிரட்டல் பாதிக்கு மேல் இந்தத் தலைகீழ் ஒளியிலிருந்து வருவதுதான். மேகத்தின் வடிவம் அதற்குப் பிறகே. எல் கிரெக்கோ 1600-ஐ ஒட்டி வரைந்த 'டொலேடோ காட்சி' (நியூயார்க், மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம்) இதற்கு நல்ல சான்று. கன்னங்கரிய வானத்தின் கீழ் நகரம் சாம்பல் வெண்மையில் ஒளிர்கிறது. புல்வெளியில் இயற்கைக்கு ஒவ்வாத பச்சை. படத்தின் தேவைக்காக நகரத்தின் தேவாலயத்தையே அவர் இடம் மாற்றி வைத்தார்.

தொடக்க காலப் படங்களில் புகழ்பெற்றது ஜார்ஜோனேயின் 'புயல்' (1506–1508 அளவில், வெனிஸ், அக்காதெமியா காட்சிக்கூடம்). 83 செ.மீ. உயரமும் 73 செ.மீ. அகலமும் கொண்ட சிறிய கித்தான் இது. இடப்பக்கம் கோலூன்றிய ஆண், வலப்பக்கம் குழந்தைக்குப் பாலூட்டும் பெண், நடுவே ஓடை, பின்னால் நகரம், அதற்கு மேல் ஒற்றை மின்னல் கீற்று. இவர்கள் யார் என்பதற்கு ஆய்வாளர்கள் சொல்லாத விளக்கம் இல்லை. 1530-ல் வெனிஸ் பிரபு ஒருவரின் வீட்டில் இதைப் பார்த்த மார்க்கன்டோனியோ மிக்கியேல், புயலும் ஜிப்சிப் பெண்ணும் படைவீரனும் உள்ள சிறு நிலக்காட்சி என்று மட்டும் குறித்து வைத்தார். ஊடுகதிர்ப் படம் எடுத்தபோது, ஆண் நிற்குமிடத்தில் முதலில் வேறொரு நிர்வாணப் பெண் வரையப்பட்டிருந்தது தெரியவந்தது. ஓவியருக்கே கதை உறுதியாக இல்லை என்றால், படத்தின் பொருள் அந்த வானம்தான் என்று எடுத்துக்கொள்வதில் தவறில்லை.

லியோனார்டோ டா வின்சி புயலை எப்படி வரைவது என்று தம் குறிப்பேடுகளில் விரிவாக எழுதினார். வாழ்வின் கடைசி ஆண்டுகளில், ஏறத்தாழ 1517–18-ல், கருஞ்சுண்ணத்தால் வரைந்த ஊழிவெள்ளப் படங்கள் வின்ட்சரில் உள்ள பிரிட்டிஷ் அரச சேகரிப்பில் இருக்கின்றன. காற்றையும் நீரையும் அவர் ஒரே சுழிக்கோடுகளால் காட்டினார்.

பதினேழாம் நூற்றாண்டு ஹாலந்தில் வானம் படத்தின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டது. தட்டையான நாடு, தாழ்ந்த அடிவானம். கித்தானின் மூன்றில் இரண்டு பங்கு மேகத்துக்குப் போனது. யாக்கப் வான் ரைஸ்டாலின் காற்றாலைப் படங்களிலும் 'யூதர் இடுகாடு' படங்களிலும் மேகங்கள் கனத்த கற்கள் போல அடுக்கப்பட்டிருக்கின்றன. ரெம்பிராண்ட் 1633-ல் வரைந்த 'கலிலேயக் கடலில் புயல்' அவர் வரைந்த ஒரே கடற்காட்சி. படகில் பதினான்கு பேர். இயேசுவையும் பன்னிரு சீடர்களையும் கழித்தால் ஒருவர் மிச்சம். தொப்பியைப் பிடித்தபடி நம்மைப் பார்க்கும் அந்த ஆள் ஓவியரேதான் என்பது பரவலான கருத்து. 'நானும் இருந்தேன்' என்று சொல்வதற்கு இதைவிடத் துணிச்சலான வழி கிடையாது. 1990 மார்ச் 18-ல் பாஸ்டனின் இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் அருங்காட்சியகத்திலிருந்து திருடப்பட்ட பதின்மூன்று பொருள்களில் இதுவும் ஒன்று; இன்றுவரை மீளவில்லை.

அதே நாட்டின் லூடோல்ஃப் பாக்ஹைசன், புயல் எழும்போது படகு அமர்த்திக் கடலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வீட்டுக்கு ஓடிவந்து வரைவார் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர் சொல்கிறார். அடுத்த நூற்றாண்டில் பிரெஞ்சு ஓவியர் குளோது-ஜோசஃப் வெர்னே புயலின்போது தம்மைப் பாய்மரத்தில் கட்டச் சொன்னார் என்ற கதை கிளம்பியது. அவருடைய பேரன் ஓரஸ் வெர்னே 1822-ல் அதையே ஒரு படமாக வரைந்தார். வெர்னேயின் புயல்கள் நன்றாக விற்றன. அமைதியான துறைமுகம் ஒன்று, கப்பல் உடையும் கடற்கரை ஒன்று என்று இணையாக வாங்கி மாட்டுவது செல்வர் வீடுகளில் வழக்கமாக இருந்தது. ஆபத்தை எட்ட நின்று பார்ப்பதில் ஒருவகை இன்பம் உண்டு என்று எட்மண்ட் பர்க் 1757-ல் எழுதிய நூல் இந்த ரசனைக்குத் தத்துவப் பின்புலம் தந்தது.

மேகங்களுக்கு இன்று வழங்கும் பெயர்களின் தொடக்கம் 1802-ல். லண்டனில் மருந்து வணிகம் செய்த லூக் ஹோவர்டு, சிரஸ், குமுலஸ், ஸ்ட்ராட்டஸ், நிம்பஸ் என்ற வகைப்பாட்டை ஓர் உரையில் முன்வைத்தார். ஜெர்மன் கவிஞர் கேதே இதில் மிகவும் ஈடுபட்டு, இந்த வகைப்பாட்டின்படி மேகங்களை வரைந்து தருமாறு காஸ்பர் டேவிட் ஃபிரீட்ரிக்கைக் கேட்டார். மேகத்தைச் சட்டத்துக்குள் அடைத்தால் நிலக்காட்சி ஓவியமே குலைந்துவிடும் என்று ஃபிரீட்ரிக் மறுத்துவிட்டார்.

ஜான் கான்ஸ்டபிளுக்கு அந்த அச்சம் இல்லை. ஆலைக்காரர் ஒருவரின் மகன். இளமையில் தந்தையின் காற்றாலையில் வேலை பார்த்தவர். காற்று திரும்புவதை முன்கூட்டியே கணிக்கத் தெரியாதவர் காற்றாலையை நடத்த முடியாது. 1821, 1822 ஆண்டுகளில் லண்டனுக்கு வடக்கேயுள்ள ஹாம்ஸ்டெட் மேட்டில் நின்று, வானத்தை மட்டும் காட்டும் சிறு எண்ணெய் வண்ணப் படங்களை வரிசையாக வரைந்தார். பலவற்றின் பின்புறம் நாள், மணி, காற்றின் திசை, மழை வந்ததா என்ற விவரம் எல்லாம் அவர் கையால் எழுதப்பட்டிருக்கின்றன. வானிலைப் பதிவேடும் ஓவியமும் ஒன்றாகிவிட்டன. நிலக்காட்சியின் உணர்ச்சியைத் தீர்மானிப்பது வானம்தான் என்பது அவர் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் வலியுறுத்திய கருத்து. கான்ஸ்டபிளின் படங்களைப் பார்க்கப் போனால் மேலங்கியும் குடையும் கேட்கத் தோன்றுகிறது என்று சக ஓவியர் ஃபியூசெலி கேலி செய்ததுண்டு.

பிரைட்டன் கடற்கரையில் கான்ஸ்டபிள் வரைந்த மழைமேகப் படத்தில் அந்த நிதானம் இல்லை. மழைத்தாரையைக் கறுப்பு வண்ணத்தால் மேலிருந்து கீழே விறுவிறுவென்று இழுத்திருக்கிறார்; தூரிகை போன தடம் அப்படியே தெரிகிறது. காசநோயால் அவதிப்பட்ட மனைவி மரியாவின் உடல்நலத்துக்காகத்தான் அவர் பிரைட்டனுக்குப் போய்வந்தார். 1828-ல் மரியா இறந்தார். அடுத்த ஆண்டு கண்காட்சிக்கு வந்த 'ஹாட்லி கோட்டை' இடிந்த கோபுரத்தின் மேல் புயல் கலைந்த காலையைக் காட்டுகிறது. இதில் துயரத்தைப் படிக்காமல் இருப்பது கடினம்.

புயல் என்றதும் முதலில் நினைவுக்கு வரும் பெயர் வில்லியம் டர்னர். 1810-ல் யார்க்‌ஷயரில் நண்பரின் மாளிகையில் தங்கியிருந்தபோது, குன்றுகளின் மேல் இடிமழை உருண்டு வருவதை ஒரு கடிதத்தின் பின்புறத்தில் குறித்துக்கொண்டார். இன்னும் இரண்டு ஆண்டுகளில் இதை மறுபடி பார்ப்பாய், அப்போது இதன் பெயர் 'ஹனிபால் ஆல்ப்ஸைக் கடந்து செல்லுதல்' என்றிருக்கும் என்று அந்த வீட்டுப் பையனிடம் சொன்னாராம். 1812-ல் அப்படியே நடந்தது. யார்க்‌ஷயர் மழை ஆல்ப்ஸ் பனிப்புயலாக மாறியது. படத்தில் தளபதி ஹனிபாலைத் தேட வேண்டும். அவர் படையின் யானை ஒரு புள்ளியளவு. சுழலும் இருண்ட வளைவு ஒன்றே மொத்தப் படத்தையும் ஆள்கிறது.

1842-ல் காட்சிக்கு வைத்த 'பனிப்புயல்: துறைமுக வாயிலில் நீராவிப் படகு' படத்துக்கு, 'ஏரியல்' என்ற கப்பல் ஹார்விச்சை விட்டுப் புறப்பட்ட இரவில் தாமும் அந்தப் புயலில் இருந்ததாக டர்னர் நீண்ட தலைப்பு வைத்தார். மாலுமிகளைக் கொண்டு பாய்மரத்தில் கட்டிக்கொண்டு நான்கு மணிநேரம் கவனித்தேன் என்றும் பிறகு கூறினார். அப்போது அவருக்கு அறுபத்தேழு வயது. அந்தப் பெயருடைய கப்பல் ஹார்விச்சிலிருந்து அப்படிப் புறப்பட்டதற்குச் சான்று கிடைக்கவில்லை. வெர்னேயின் பாய்மரம் கைமாறி வந்திருக்கிறது என்றே தோன்றுகிறது. விமர்சகர் ஒருவர் இந்தப் படத்தைச் சோப்பு நுரையும் சுண்ணாம்பும் என்று தள்ளினார். ஆனால் கரையில் நின்று பார்த்தவருடைய படமாக இது இல்லை. அடிவானம் சாய்ந்துவிட்டது, கடலுக்கும் புகைக்கும் எல்லை இல்லை, பார்ப்பவருக்குக் கால் ஊன்ற இடமில்லை. பர்க் சொன்ன பாதுகாப்பான தூரத்தை டர்னர் பறித்துவிட்டார். பொய்ச்சாட்சியாகவே இருந்தாலும் படம் உண்மையைச் சொல்கிறது.

அவருடைய 'அடிமைக் கப்பல்' (1840, பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம்) படத்தில் புயல் வெறும் வானிலை இல்லை. 1781-ல் 'ஸோங்' கப்பலின் மாலுமிகள் காப்பீட்டுப் பணத்துக்காக 130-க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க அடிமைகளைக் கடலில் எறிந்த கொடுமையோடு இப்படம் இணைத்துப் பேசப்படுகிறது. சிவந்த வானத்தின் கீழ் விலங்கு பூட்டிய கால் ஒன்று நீருக்கு மேல் தெரிகிறது. இதை உடைமையாக வைத்திருந்த கலை விமர்சகர் ஜான் ரஸ்கின், தம் நூலில் கடலின் நிறங்களைப் பக்கத்தில் புகழ்ந்துவிட்டு, எறியப்பட்ட மனிதர்களை அடிக்குறிப்புக்குத் தள்ளினார். அழகான புயலின் ஆபத்து இது.

அமெரிக்காவில் தாமஸ் கோல், 1836-ல் மசாசூசெட்ஸின் ஆற்று வளைவை வரைந்தபோது இடப்பக்கக் காட்டின் மேல் இடிமழையையும் வலப்பக்க வயல்களின் மேல் வெயிலையும் பிரித்து வைத்தார். குடியேற்றத்துக்கு வானமே ஒப்புதல் தருவது போன்ற ஏற்பாடு. மார்ட்டின் ஜான்சன் ஹீட் 1859-ல் வரைந்த 'நெருங்கும் இடிமழை'யில் காற்றே இல்லை; நீர் மைக்கறுப்பில் அசையாமல் கிடக்க, ஒருவர் நாயோடு உட்கார்ந்து பார்க்கிறார்.

கருங்கடல் ஓரத்து ஃபியோதோசியாவில் பிறந்த ஆர்மேனிய வம்சாவளியினரான இவான் ஐவசோவ்ஸ்கி, நினைவை ஒரு குறையாகவே கருதவில்லை. மின்னலையும் அலையின் எழுச்சியையும் பார்த்தபடி வரைய முடியாது, நினைவில் தங்குவதே கித்தானுக்கு வர வேண்டும் என்பது அவர் கட்சி. மூன்று மீட்டருக்கும் அதிக அகலமுள்ள 'ஒன்பதாம் அலை' (1850, செயின்ட் பீட்டர்ஸ்பர்க், ரஷ்ய அருங்காட்சியகம்) அப்படிப் பிறந்தது.

ஐரோப்பியர்கள் மழையை மங்கலாகக் காட்டியபோது ஜப்பானிய மரச்செதுக்கு அச்சுக் கலைஞர்கள் அதைக் கோடாக வெட்டினார்கள். ஹிரோஷிகேயின் 'ஷின்-ஓஹாஷி பாலத்தில் திடீர் மழை' (1857) படத்தில் மெல்லிய கறுப்புக் கோடுகள் படம் முழுதும் சாய்ந்து இறங்க, மேலே பலகையில் வண்ணத்தைத் துடைத்துத் துடைத்து உருவாக்கிய கார்முகில் கவிகிறது. கீழே மனிதர்கள் குடைக்குள் சுருண்டு ஓடுகிறார்கள். பெரும்புயல் இல்லை, சாதாரண அடைமழைதான். ஆனால் நனையும் உணர்வை இந்த அளவுக்குத் தந்த படம் ஐரோப்பாவில் அரிது. 1887-ல் வான்கோ இதை எண்ணெய் வண்ணத்தில் படியெடுத்தார். மூன்றாண்டு கழித்து, இறந்த அதே ஜூலை மாதத்தில், ஓவேர் ஊரில் 'இடிமேகங்களின் கீழ் கோதுமை வயல்' வரைந்தார்: ஒரு மீட்டர் அகலம், கீழே பச்சை, மேலே நீலம், மனிதர் இல்லை.

இந்தியாவில் பஹாடி, ராஜஸ்தானிச் சிற்றோவியங்களில் மழைக்காலம் முக்கியமான பொருள். அவை நிலக்காட்சி என்ற வகைக்குள் கறாராக அடங்காது. காதலனைத் தேடி இரவில் காட்டுவழி போகும் அபிசாரிகைக்குத் துணையாகவே வானம் வருகிறது. கரிய மேகத்தில் பொன்வண்ணத்தால் நெளிந்தோடும் மின்னல் கோடும், அதற்கு முன்னே பறக்கும் வெண்கொக்கு வரிசையும் அந்த மரபின் அடையாளங்கள்.

மின்னலை வரைவதில்தான் நினைவின் எல்லை தெளிவாகப் பிடிபட்டது. பல நூற்றாண்டுகளாக ஓவியர்கள் மின்னலைக் கூரிய முனைகளோடு மடங்கும் கோடாக வரைந்து வந்தனர். இயற்கையில் அப்படி இருப்பதில்லை என்று பொறியாளர் ஜேம்ஸ் நாஸ்மித் 1856-ல் எதிர்ப்புத் தெரிவித்தார். 1880-களில் பிலடெல்பியாவின் வில்லியம் ஜென்னிங்ஸ் போன்றோரின் ஒளிப்படங்கள் வந்தபோது, மரத்தின் வேர்போலக் கிளைவிடும் மின்னலை உலகம் நிதானமாகப் பார்த்தது. 2018-ல் ஹங்கேரிய ஆய்வாளர்கள் ஓவியங்களில் உள்ள மின்னல்களையும் ஒளிப்பட மின்னல்களையும் எண்ணி ஒப்பிட்டனர். ஒளிப்படங்களில் கிளைகள் ஐம்பதையும் எட்டின. ஓவியங்களில் பதினொன்றைத் தாண்டவில்லை. பிறகு மின்னல் படங்களை ஒரு நொடிக்கும் குறைவான நேரம் மனிதர்களுக்குக் காட்டிக் கிளைகளைக் கணிக்கச் சொன்னார்கள். ஏறத்தாழ பதினொன்று வரை கணிப்பு சரியாக இருந்தது. அதற்கு மேல் போனபோது குறைத்தே சொன்னார்கள்.